“எனக்கு வடிவாக் கேக்குது, அவைக்குத்தான் விளங்கேல்லையாம்”: கார் ஹேண்ட்ஸ்ஃப்ரீ மைக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் கார், வான்களுக்கு வயறிங் வேலையும், செற் (பாட்டும் புளூடூத் கோலும் வருகிற கார் றேடியோ) பூட்டும் வேலையும் செய்கிறேன். பாட்டுச் சத்தம் போதாது என்று வருகிறவர்களை விட, காருக்குள் இருந்து போன் கதைத்தால் அங்கால் ஒன்றும் விளங்கவில்லை என்று வருகிறவர்கள்தான் இப்போது கூட. ரொறன்ரோவில் இருக்கும் அக்கா “என்ன? என்ன?” என்று நாலுதரம் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறா என்பார்கள். கேட்ட கேள்விகளையும் நான் சொல்லி வருகிற பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு நல்ல தெளிவாகக் கேட்கிறது. அங்கால் இருப்பவருக்கு மட்டும் ஏன் விளங்குவதில்லை?

உங்களுக்குக் கேட்பது ஸ்பீக்கர் வழியாக. உங்கள் குரல் போவது மைக் வழியாக. இரண்டும் வேறு வேறு பாதை. காரில் இருக்கிற ஒருவருக்கும் தன் மைக் என்ன அனுப்புகிறது என்று கேட்காது. அதனால்தான் பிழை உங்கள் பக்கம் இருந்தும் மாதக்கணக்காகத் தெரியாமல் கிடக்கிறது. “அவையின்ர லைன் சரியில்லை” என்று இங்கே சொல்வோம், அவர்கள் அங்கே “இவன் எங்கயோ கிணத்துக்குள்ள நிண்டு கதைக்கிறான்” என்பார்கள்.

காரணம் பெரும்பாலும் தூரம். போனைக் காதில் வைத்தால் வாயிலிருந்து மைக்குக்கு ஒரு 5 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். செற்றின் முகப்பில் இருக்கும் மைக்குக்கு 80 சென்ரிமீற்றர். தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் (சத்தத்தின் அளவு) குறையும். 5, 10, 20, 40, 80 என்று நாலு தடவை மடங்காகிறது; ஆகவே 24 டெசிபெல் போய்விட்டது. இது திறந்த வெளிக் கணக்கு. காருக்குள் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற குரலும் சேர்வதால் கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு இதுதான். குரல் இப்படிக் குறையும்போது ரயர்ச் சத்தமும் ஏசிச் சத்தமும் குறைவதில்லை. அவை எங்கே மைக் வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான்.

கலியாண வீட்டில் மேளம் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவரின் காதுக்குள் சொன்னால் விளங்கும். மணவறைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கத்தினாலும் விளங்காது. அதே கதைதான் இது.

செற்றை மாற்றுவதற்கு முன், பிழை எங்கே என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். காசு செலவழிக்க முன் கட்டாயம் பாருங்கள். வீட்டில் ஒருவரைப் பேப்பரும் பேனையுமாக இருக்கச் சொல்லிவிட்டு, காரிலிருந்து அவருக்குக் கோல் எடுங்கள். இந்தச் சொற்களை ஒழுங்கு மாற்றி மாற்றி வாசியுங்கள்: கட்டை, சட்டை, தட்டை, பட்டை, மட்டை, வட்டை. முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம் என்பதால் ஊகித்து எழுத முடியாது, உண்மையில் கேட்டால்தான் எழுதலாம். பிறகு எண்கள்: அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு.

இதை நாலு நிலையில் செய்யுங்கள். முதலில் எஞ்சினை நிறுத்தி, கண்ணாடிகளை மூடி. அடுத்து எஞ்சின் மட்டும் ஓட. மூன்றாவது ஏசியும் போட்டு. கடைசியாக 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது. அப்போது வேறொருவர் ஓட்ட, நீங்கள் ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்து அவர் பக்கம் சாய்ந்து வாசிக்கலாம். முதல் நிலையிலேயே பிழைத்தால் மைக்கிலோ வயரிலோ செற்றிலோ கோளாறு. எஞ்சின் ஓடினதும் பிழைத்தால் வயறிங்கைப் பார்க்க வேண்டும். ஏசி போட்டதும் கெட்டால் காற்று மைக்கில் அடிக்கிறது. ஓடும்போது மட்டும் என்றால் மைக் தூரத்தில் இருக்கிறது.

வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிப் பார்த்துவிட்டு “நல்லாத்தானே இருக்கு” என்று சிலர் வருகிறார்கள். அந்தப் பதிவு பெரும்பாலும் போனின் சொந்த மைக்கில்தான் பதியும். அது கார் மைக்குக்குச் சோதனை ஆகாது.

எண்களை ஏன் வாசிக்கச் சொல்கிறேன் என்றால், சுன்னாகம் பக்கத்தில் கட்டடச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் லொறியில் இருந்தபடி சீமெந்துக்குச் சொல்லியிருக்கிறார், “அறுபது பை” என்று. வந்து இறங்கினது எழுபது. அவர் சண்டை பிடித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். நான் பக்கத்துச் சீற்றில் ஏறி மைக்கைத் தேடினேன். கண்ணுக்கு எட்டின இடத்தில் இல்லை. ஸ்டியரிங் கம்பத்தின் கீழ்மூடியைக் கழற்றினால், உள்ளே ஏசிக் குழாயோடு சேர்த்துக் கறுப்பு ரேப் சுற்றி ஒட்டிக் கிடந்தது, துளை குழாயைப் பார்த்தபடி. “அறுவது” என்றாலும் “எழுவது” என்றாலும் அங்கே போய்ச் சேர்வது “...உவது” மட்டும்தான். மைக்கை எடுத்து வெயில் மறைப்புக்குப் பக்கத்தில் பூட்டினேன். மைக் பழையது, செற் பழையது, இடம் மட்டும்தான் புதிது. அதற்குப் பிறகு அவர் வந்தது பிரேக் லைற் மாற்ற.

அப்படியென்றால் மைக்கை எங்கே பூட்டுவது சரி?

ஓட்டுநரின் வாய்க்குக் கிட்ட, வாயைப் பார்த்தபடி, காற்று நேரே அடிக்காத இடத்தில். என் கையில் நல்ல பலன் தந்த இடம், முன் கண்ணாடிக்கு மேலே கூரையில் ஓட்டுநருக்கு நேர் முன்னால், வெயில் மறைப்பின் பிணைச்சலுக்கும் நடு லைற்றுக்கும் இடையில். பல கம்பனிகளும் நடு லைற்றுக்குப் பக்கத்தில்தான் சின்னத் துளைகள் வைத்து மைக்கை ஒளித்திருக்கிறார்கள். அடுத்தது கண்ணாடி ஓரத் தூண், அதாவது முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே சாய்ந்து ஏறும் தூணின் மேற்பாதி. மூன்றாவது ஸ்டியரிங் கம்பத்தின் மேல்மூடி. அங்கே தூரம் குறைவுதான், ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கை மறைக்கும்.

பூட்டக் கூடாத இடங்கள்: ஏசி வாய்க்குப் பக்கம், கதவு ஸ்பீக்கருக்குப் பக்கம், டாஷ்போட்டின் மேல்தட்டு. எங்கள் வெயிலில் நிறுத்தி வைத்த காரின் மேல்தட்டு கை வைக்க முடியாமல் கொதிக்கும். இருபக்கமும் ஒட்டும் ரேப் அதில் இளகி, மைக் மூலைக்குள் விழுந்து கிடக்கும். விழுந்தது தெரியாமல் ஒரு வருசம் அப்படியே கதைத்தவர்களும் உண்டு.

ஒரு விசயத்தை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். தூணுக்குள்ளால் வயர் இழுக்கும்போது உள்ளே திரை எயார்பாக் (விபத்தில் பக்கக் கண்ணாடியோரம் விரியும் காற்றுப்பை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால் வயர் அதன் பின்பக்கமாகப் போய், ஏற்கனவே போகிற வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். எயார்பாக்குக்கு முன்னால் குறுக்கே வயர் போனால், அது விரிய வேண்டிய நேரத்தில் மைக்கும் மூடியும் முகத்துக்கு வரும். அவசரமாகப் பூட்டித் தருகிறவரிடம் இதை நீங்களே கேளுங்கள்.

விலை கூடின மைக் வாங்கினால் இடம் பார்க்கத் தேவையில்லைத்தானே?

தேவை. தூரத்தில் வைத்த விலையான மைக்கை விட, கிட்ட வைத்த மலிவு மைக் நன்றாக வேலை செய்யும்.

ஆனால் மைக்குகளில் வகை உண்டு, அதையும் சொல்கிறேன். செற்றோடு வரும் மூன்று மீற்றர் வயர் கொண்ட குண்டுமணி அளவு மைக், எலெக்ரெற் வகை. 1962இல் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ற், ஜெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் உருவாக்கியது. நிரந்தரமாக மின்னேற்றம் தங்கியிருக்கும் மெல்லிய தாள் ஒன்று குரலுக்கு அதிரும், அந்த அதிர்வு மின் சைகையாக மாறும். இப்போதைய போன்களுக்குள்ளும் புதிய கார்களிலும் இருப்பது மெம்ஸ் வகை. அதே வேலையைச் சிலிக்கன் துண்டில் செதுக்கின மிகச் சின்னச் சவ்வு செய்கிறது. ஒன்றுக்கொன்று அச்சொட்டாக ஒரே மாதிரி வார்க்கலாம் என்பதால் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாவிக்க அது தோது.

உங்களுக்கு அதை விட முக்கியமான வித்தியாசம் வேறு. சில மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி எடுக்கும். சில முன்பக்கத்தைக் கூடவும் பின்பக்கத்தைக் குறையவும் எடுக்கும். இரண்டாம் வகைக்குப் பின்பக்கத்திலும் துளை இருக்கும், அந்தத் துளையால்தான் திசை பிரிக்கிறது. அதைத் தட்டையாகக் கூரையில் ஒட்டிவிட்டால், அல்லது ரேப்பால் பின்னுக்குச் சுற்றிவிட்டால், அது எல்லாத் திசை மைக்காகிவிடும். விலை கொடுத்து வாங்கி, பூட்டும்போது அதன் குணத்தை அடைத்துவிடுகிற வேலை இது. பலர் செய்கிறார்கள். நானும் தொடக்கத்தில் செய்திருக்கிறேன், பிறகுதான் பழகினேன்.

புதிய கார்களில் இரண்டு மூன்று மைக் இருக்கிறதாமே. அது எதற்கு?

ஒலி 1 மில்லிசெக்கனில் ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் ஓடும். இரண்டு மைக்கை 7 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரு கோட்டில் வைத்தால், கோட்டின் வழியே வரும் குரல் ஒன்றுக்குப் போய் 0.2 மில்லிசெக்கன் கழித்து மற்றதுக்குப் போகும். பக்கவாட்டில் இருந்து வரும் சத்தம் இரண்டுக்கும் ஒன்றாகப் போகும். செற்றுக்குள் இருக்கும் கணினி இந்தப் பிந்தலைப் பார்த்து, ஓட்டுநர் இருக்கும் திசையிலிருந்து வருவதை மட்டும் ஒன்று சேர்த்துக் கூட்டும், மற்றத் திசைகளில் இருந்து வருவதை ஒன்றையொன்று வெட்ட விடும். பின்சீற்றில் பிள்ளைகள் சண்டை பிடித்தாலும் அங்கால் பெரிதாகக் கேட்காமல் இருப்பது இதனால்தான்.

ஆனால் அந்தக் கணக்கு அந்தக் காரின் சீற்றுக்கும் அந்த மைக் இடைவெளிக்கும் போட்டது. கழற்றி வேறு காரில் பூட்டினால் அது வேலை செய்யாது. இரண்டு மைக்கை ஒரே வயரில் முறுக்கி இணைத்துத் தாருங்கள் என்று கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டு பிந்தலும் கலந்து குரல் இன்னும் மோசமாகும். தயவு செய்து வேண்டாம்.

அங்கால் கதைக்கிறவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கிறதாம். ஏன்?

அவருடைய குரல் உங்கள் ஸ்பீக்கரால் வெளியே வந்து, உங்கள் மைக்குக்குள் போய், அவரிடமே திரும்புகிறது. எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ அவருடைய பக்கம் பிழை இல்லை, மற்றப் பக்கம்தான் பிழை. இதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் பாதிச் சண்டை தீரும்.

வெளிநாட்டுக் கோலில் இது கூடத் தெரிவதற்குக் காரணம் உண்டு. குரல் போய்த் திரும்பும் நேரம் கொஞ்சமாக இருந்தால் காது அதைத் தன் குரலோடு சேர்த்துவிடும். கொக்குவிலிலிருந்து கனடாவுக்குப் போய்த் திரும்பினால் பிந்தல் கூடி, தனியாக ஒரு ஆள் பின்னால் நின்று சொல்வது போலக் கேட்கும்.

இதைத் தடுக்க செற்றுக்குள் எதிரொலி நீக்கி வேலை செய்யும். ஸ்பீக்கருக்கு என்ன அனுப்பினோம் என்று அதற்குத் தெரியும். அது கார் உள்ளே சுற்றி மைக்குக்கு எப்படி வரும் என்று கணித்து, மைக்கில் வருவதிலிருந்து கழித்துவிடும். சத்தம் அளவோடு இருந்தால் இந்தக் கழித்தல் சரியாக நடக்கும். ஸ்பீக்கர் கரகரக்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினால் வெளியே வருவது அனுப்பினது மாதிரி இராது, கணக்கும் பிழைத்துவிடும். ஆகவே கோல் சத்தத்தைக் குறையுங்கள். அண்ட்ரொயிட் செற் என்றால் மைக் கெயின் (மைக்கில் வருவதை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பு) அளவையும் இரண்டு படி இறக்கிப் பாருங்கள். வெளி அம்பிளிபயர் பூட்டினவர்களுக்கு இது கூட வரும், செற் அனுப்பினதை அம்பிளிபயர் தன் பாட்டுக்கு மாற்றிவிடுகிறது.

இன்னொன்று. புளூடூத்தில் இணைந்ததும் பல செற்றுகள் போனுக்கு ஒரு சொல் அனுப்பும்: “எதிரொலி, இரைச்சல் இரண்டையும் நான் பார்க்கிறேன், நீ நிறுத்து.” போன் கீழ்ப்படிந்து தன் வேலையை நிறுத்திவிடும். மலிவுச் செற் அப்படிச் சொல்லிவிட்டு ஒழுங்காகப் பார்க்காவிட்டால், பார்க்க ஆளே இல்லை. நல்ல விலையான போன் வைத்திருந்தும் காரில் மட்டும் கெடுவதன் இரகசியம் அநேகமாக இது.

பாட்டு அருமையாகக் கேட்கிறது. அதே புளூடூத்தில் கதைத்தால் மட்டும் தகரப்பேணிக்குள் கதைக்கிற மாதிரி இருக்கிறதே?

பாட்டு ஒருவழி, அகலமான பாதை. கோல் இருவழி, ஒடுங்கின பாதை. பழைய புளூடூத் கோல் முறை குரலைச் செக்கனுக்கு 8,000 தடவைதான் அளக்கும். அதனால் பழைய தொலைபேசி மாதிரி 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரைதான் போகும். “ச”, “ஸ” போன்ற ஒலிகளின் உயிர் அதற்கு மேலேதான் இருக்கிறது. “சட்டை” “தட்டை” ஆகிப் போவது அங்கேதான்.

2011இல் வந்த புளூடூத் ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறையின் பதிப்பு 1.6 அளவீட்டைச் செக்கனுக்கு 16,000 தடவை ஆக்கியது, ஏறக்குறைய 7,000 ஹேர்ட்ஸ் வரை குரல் போகும். இதைத்தான் எச்டி வொய்ஸ் என்கிறார்கள். இன்னும் புதிய பதிப்பில் 32,000. ஆனால் செற், போன், போன் கம்பனி, அங்கால் இருக்கும் போன் எல்லாமே அகலமாக இருந்தால்தான் அகலமாகப் போகும். ஒழுங்கையில் ஒரு இடம் ஒடுங்கினால் லொறி நிற்க வேண்டியதுதான். போன் அமைப்பில் வோல்ட்டீ (VoLTE, 4ஜி வழியாகக் கோல் போகும் முறை) என்று இருப்பதைப் போட்டுவிடுங்கள், செலவில்லாத வேலை.

ஏசி, காற்று, மழை, ரயர்: எது கூடக் கெடுக்கிறது?

நேரே மைக்கில் அடிக்கிற காற்று. மற்றவை ஒலி, அதை மென்பொருள் ஓரளவு கழிக்கலாம். காற்று சவ்வை நேரடியாகத் தள்ளுகிறது. குரல் அதற்குள் நசிந்துபோன பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கோல் வந்தால் ஏசி விசிறியை 4இல் இருந்து 1க்குக் கொண்டுவந்து, கண்ணாடிப் பக்கம் ஊதுகிறதை நிறுத்தி, நடு வாயை நெஞ்சுக்குத் திருப்புங்கள். மைக்குக்கு ஒரு பஞ்சுத் தொப்பி போட்டால் இன்னும் நல்லது.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் பண்ணைப் பாலம், நாவற்குழி, ஆனையிறவு, சங்குப்பிட்டி வழியே போகிறவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் வெட்டவெளி, காற்று காரையே அசைக்கும். அங்கே கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்திருந்தாலும் கோல் போச்சு. முழுக்க மூடிவிடுங்கள்.

ரயர்ச் சத்தம் வேகத்தோடு ஏறும். காப்பெற் போட்ட வீதியில் குறைவு, கல் தெரிகிற வீதியில் கூட. அது ஒரே சீராக இருப்பதால் செற்றின் இரைச்சல் நீக்கிக்குப் பிடிபடும்: நீங்கள் கதைக்காத இடைவெளியில் இரைச்சலை அளந்து வைத்து, கதைக்கும்போது அதைக் கழிக்கும். அளவுக்கு மீறிக் கழித்தால் குரல் நீருக்குள் இருந்து வருவது போலக் குமிழியிடும். அமைப்பில் அதிகம், நடுத்தரம், குறைவு என்று இருந்தால் நடுத்தரத்தில் விடுங்கள்.

மாரி மழை கூரையில் கொட்டும்போது கூரை மைக் தோற்றுவிடும். துளி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் விழுவதால் கழிக்க ஒழுங்கு இல்லை. அந்த நேரம் கோலை விடுங்கள், வீதியைப் பாருங்கள்.

எஞ்சினை முறுக்க முறுக்க “ஙீ...” என்று ஒரு சத்தம் அங்கால் போகிறதாம்.

அது ஒலி இல்லை, அல்டநேற்றரில் (எஞ்சினோடு சுற்றி மின் தருகிற கருவி) இருந்து வயர் வழியாகக் கலக்கிற மின். மைக் வயர் பவர் வயரோடு ஒட்டிப் போகிறதா, செற்றின் எர்த் வயர் காரின் நல்ல இரும்பில் பெயின்ற் சுரண்டிப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீவுப்பகுதிக் கார்களில் உப்புக்காற்றால் எர்த் புள்ளி பச்சை பிடித்திருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். சுரண்டித் துடைத்து இறுக்கினால் போய்விடும். பெரிய வேலை இல்லை.

யப்பானில் இருந்து வந்த கார். செற் யப்பான் மொழியில். கம்பனி மைக் இருக்குமா?

இருக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பல வருசம் புதிதாகக் கார் வந்தது மிகக் குறைவு. அதனால் இங்கே ஓடுகிற பழைய யப்பான் கார்களில் செற்றை மாற்றிப் பாவிப்பது கூடிவிட்டது. யப்பான் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 95இல் முடிகிறது, எங்களுடையது 108 வரை. றேடியோ எடுக்கவில்லை என்று செற்றைக் கழற்றி அண்ட்ரொயிட் செற் போடும்போது, கூரையில் இருந்த கம்பனி மைக்கை இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். செற்றின் முகப்பில் உள்ள ஊசித் துளை மைக்தான் பிறகு வேலை செய்கிறது.

நடு லைற்றுக்குப் பக்கத்தில் துளைகள் இருந்தால் லைற்றைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சில கார்களில் துளை மட்டும் இருக்கும், உள்ளே வெறுமை. மைக் இருந்தாலும் நேரே வெட்டி இணைக்கக் கூடாது. சில கம்பனி மைக்குகளுக்குச் செற்றிலிருந்து தனி வோல்ட்டேஜ் வர வேண்டும், புதிய செற் அதைத் தராது. அளந்து பார்த்துத்தான் முடிவெடுக்கலாம். பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம், அந்தத் துளைக்குப் பின்னாலேயே புதிய மைக்கை வைத்துவிடலாம். இடம் கம்பனிக்காரர் தேடித் தந்த இடம்.

இரைச்சல் நீக்குகிற இயர்பட்ஸ் போட்டால் மைக் பிரச்சினை தீருமா?

பெட்டியில் ஏஎன்சி என்று இருப்பது உங்கள் காதுக்கு. அங்கால் இருப்பவருக்கு உதவுவது வேறு ஒன்று, அதை ஈஎன்சி என்று போடுவார்கள். முதலாவதை மட்டும் பார்த்து வாங்கி ஏமாற வேண்டாம்.

அதை விட, ஓட்டும்போது இரண்டு காதையும் அடைப்பது எனக்குச் சம்மதமில்லை. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப ஓடத் தொடங்கியதிலிருந்து ரயில் கடவைகளில் எத்தனை உயிர் போனது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஹோர்ன் கேட்க வேண்டும். அவசரமென்றால் ஒரு காதில் மட்டும்.

போனை ஸ்டாண்டில் வைத்து ஸ்பீக்கரில் கதைத்தால் போதாதா?

பல நேரம் மலிவுச் செற்றை விட அதுவே நல்லது. போனில் இரண்டு மூன்று மைக்கும் நல்ல மென்பொருளும் இருக்கின்றன. ஆனால் ஏசி வாயில் கொழுவுகிற ஸ்டாண்டில் வேண்டாம், காற்று முழுக்க அதன் மேல்தான் அடிக்கும். கோல் வந்தால் தானாக எடுக்கும்படி முன்கூட்டியே போட்டு வையுங்கள், தொடப் போகக் கூடாது.

மைக் துளையை ஊசியால் துப்புரவாக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சவ்வு கிழிந்தால் மைக் முடிந்தது. காற்றுக் குழாயாலும் அடிக்கக் கூடாது. மெல்லிய காய்ந்த தூரிகையால் மேலால் தட்டுங்கள், போதும். டாஷ்போட் மினுக்குகிற திரவத்தைத் துணியில் ஊற்றித் துடைக்கச் சொல்லுங்கள். நேரே விசிறினால் துளைக்குள் போய்ச் செம்மண் தூசோடு சேர்ந்து பசையாகிவிடும்.

சத்தம் போட்டுக் கதைத்தால் விளங்குமா?

இரைச்சலில் நின்றால் மனிசருக்குக் குரல் தானாக உயரும். 1911இல் எத்தியென் லோம்பாட் என்ற பிரெஞ்சு வைத்தியர் எழுதி வெளியிட்ட விசயம் இது. ஓரளவு உயர்ந்தால் நல்லதுதான். கத்தினால் மைக்கின் உச்சம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். ஆறுதலாக, சொல்லின் முடிவை விழுங்காமல் கதையுங்கள். எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: “அறுபது, ஆறு பூச்சியம்.” சீமெந்துக் கடைக்காரர் இப்போது அப்படித்தான் சொல்கிறார்.

மைக் சரியென்றால் ஓட்டிக்கொண்டே கதைக்கலாமா?

ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துக் கதைப்பது இங்கே சட்டப்படி குற்றம். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் கை விடுபடுகிறது, மனம் விடுபடுவதில்லை. போன் பாவிக்கும் ஓட்டுநர் விபத்தில் மாட்டும் வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு என்றும், ஹேண்ட்ஸ்ஃப்ரீ அதை விடப் பெரிதாகப் பாதுகாப்பானது இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மைக் பூட்டுகிற நானே இதைச் சொல்கிறேன். “வந்துகொண்டிருக்கிறன், பிறகு எடுக்கிறன்” என்ற ஒரு வரி அங்கால் முதல் தடவையிலேயே விளங்கினால் கோல் ஐந்து செக்கனில் முடியும். விளங்காமல் நாலுதரம் சொல்ல வேண்டி வந்தால்தான் கண் வீதியை விட்டுச் செற்றுக்குப் போகிறது. நீளக் கதை என்றால் ஓரமாக நிறுத்துங்கள், ஏ9 வீதியில் நிழலுக்குக் குறைவில்லை.

அப்பாவின் மொறிஸ் மைனர் இன்னும் ஓடுகிறது. அதற்கும் பூட்டலாமா?

இதைக் கேட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குத் தனிச் சந்தோசம். ஆனால் கவனம். அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனைதான் காரின் இரும்பு உடலில் இணைந்திருக்கும், இப்போதைய கார்களுக்கு நேர் எதிர். யாரும் மாற்றாமல் விட்டிருந்தால், இன்றைய செற்றை வழமை போல இணைத்த உடனே எரிந்துவிடும். முதலில் மின் அளக்கிற மீற்றரால் பார்க்க வேண்டும்.

நான் சொல்வது, அந்தக் காரின் டாஷ்போட்டை வெட்டவே வேண்டாம். வெயில் மறைப்பில் கொழுவுகிற, தன் பற்றறியில் ஓடும் புளூடூத் ஸ்பீக்கர்போன் ஒன்று வாங்கிக் கொழுவுங்கள். மைக் நெற்றிக்கு முன்னால் வந்துவிடும், ஏசி இல்லாததால் காற்றும் அடிக்காது. பக்கக் கண்ணாடியை மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். காரை நிறுத்தினதும் அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போகவும் சொல்லுங்கள், வெயிலில் விட்டால் உள்ளே இருக்கிற பற்றறி ஊதிவிடும்.